அந்தத் தீவு யாருடையது?

(ரெய்னர்ஸ் லேனில் நடைபெற்ற எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க்குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்கச் சில இடங்கள் விரித்து எழுதப்பட்டுள்ளன.)



எனக்கு மேடையில் கதைத்துப் பழக்கமில்லை. பார்க் றோயலில் சாண்ட்விச் செய்கிற ஒரு பாக்டரியில் இரவு வேலை செய்கிறவன் நான். விடியப்புறம் பிக்கடிலி ரெயினில் வந்து ரெய்னர்ஸ் லேனில் இறங்கும்போது கண் தன்ர பாட்டில் மூடிக்கொள்ளும். அப்படியிருக்க, செயலாளர் அண்ணை என்னைப் பிடித்து "உலக சமாதானம் பற்றி ஒரு பத்து நிமிசம் கதையும்" என்றார். உலக சமாதானத்தைப் பற்றிக் கதைக்க நான் ஆர்? ஆனால் என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் ஏறி நிற்கிறேன்.

2021 ஒக்டோபரில் கனடாவுக்கு என்று புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு இந்து சமுத்திரத்தின் நடுவில் பழுதாகி, அதில் இருந்த 89 தமிழர்களைப் பிரித்தானியக் கடற்படை டியேகோ கார்சியா என்ற தீவில் கொண்டுபோய் இறக்கியது உங்களுக்குத் தெரியும். எங்கட சங்கத்துக்கு வந்துபோகிற ஒரு அம்மாவின் பெறாமகனும் அதில் ஒருவன். மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்த பெடியன். கனநாளாய் ஒரு தகவலும் இல்லாமல் இருந்து, பிறகொருநாள் போன் வந்ததாம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நேரம் அந்த அம்மா என்னை மறித்துக் கேட்டா.

"தம்பி, நீர் ஏ.எல். வரைக்கும் படிச்சனீர்தானே. அந்தத் தீவு எந்த நாடு? பெடியன் சொல்லுறான் பிரித்தானியாவாம். ஆனால் அமெரிக்க ஆமிதான் நிக்குதாம். பிரித்தானியா எண்டால் அவன் இஞ்ச வந்து சேர்ந்திட்டான் எண்டுதானே அர்த்தம்? பிறகேன் வேலி போட்டு வைச்சிருக்கிறாங்கள்?"

நான் அந்த இடத்தில் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீவின் பெயர் எனக்குப் புதிதல்ல. அதை நான் சோதினைக்காகப் பாடமாக்கியிருக்கிறேன்.

2008 ஆவணியில் நான் ஏ.எல். எழுதினேன். அரசியல் விஞ்ஞானமும் ஒரு பாடம். அப்போது யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏ-9 பாதை 2006 ஆவணியிலேயே பூட்டிவிட்டது. அரிசியும் மாவும் கப்பலில் வரவேண்டும். குடாநாட்டை விட்டு வெளியே போக ஆமியின் பாஸ் வேண்டும். அந்தச் சூழலில், மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னால் இருந்து நாங்கள் படித்தது "இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கை". ரியூசன் வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதினோம். அணிசேராமை. இந்து சமுத்திர சமாதான வலயம். 1971இல் ஐ.நா.வில் இலங்கை கொண்டுவந்த பிரேரணை. வல்லரசுகளின் தளங்களை அகற்றல், உதாரணம் டியேகோ கார்சியா. கேள்வி வந்தால் ஆறு பொயின்ற் எழுதவேணும் என்றார். எழுதினேன். பி கிடைத்தது.

அந்த ஆறு பொயின்றிலும் பிழை இல்லை. ஆனால் அதற்குள் ஒரு மனிசரும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதின்மூன்று வருடமும் ஒரு அம்மாவின் கேள்வியும் தேவைப்பட்டன.

1971ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த வருடத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறிமாவோ அம்மையார் 1970இல் இரண்டாந் தடவை பிரதமராக வந்தார். அந்த செப்டெம்பரில் சாம்பியாவின் லுசாக்காவில் நடந்த அணிசேரா நாடுகளின் மகாநாட்டில், இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படையும் கட்டுநாயக்காவில் பிரித்தானிய விமானப்படையும் சுதந்திரத்துக்குப் பிறகும் இருந்து, 1957இல் அவருடைய கணவர் பண்டாரநாயக்காவின் காலத்தில்தான் எழும்பிப் போயின. போனவர்கள் வேறு இடம் தேடமாட்டார்களா? பெரிய நாடுகளின் போர்க்கப்பல்கள் எங்கட வாசலில் நிற்கவேண்டாம் என்று ஒரு சின்ன நாடு சொல்வது துணிச்சலான காரியம்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அடுத்த வருடம் ஏப்ரில் 5ஆந் திகதி தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. அந்த வருடப் பிறப்பு ஊரடங்குச் சட்டத்துக்குள்ளே வந்தது என்று அப்பா சொல்லுவார். அவருக்கு அப்போது பதினாறு வயது, சங்கானைப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். (சிறிமாவோ வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் நிற்பாட்டினதால் எங்கட தோட்டக்காரர் கையில் முதல்தரமாகக் காசு புழங்கியது. அதே அரசாங்கத்தின் தரப்படுத்தலால் பெரியப்பாவுக்கு எஞ்ஜினியரிங் போனது. இதனால் எங்கள் வீட்டில் சிறிமாவோவைத் திட்டுவதா புகழுவதா என்று கடைசிவரை முடிவாகவில்லை.) கிளர்ச்சியை அடக்க யார் யார் உதவினார்கள் தெரியுமா? இந்தியா வந்தது, பாகிஸ்தான் வந்தது, பிரித்தானியா ஆயுதம் கொடுத்தது, அமெரிக்காவும் சோவியத்தும் கொடுத்தன, சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்தது. வேறெந்த விடயத்திலும் ஒத்துவராத நாடுகள் ஒரு அரசாங்கத்தைக் காப்பாற்றுவதில் ஒத்துவந்தன. செத்தவர்கள் ஆயிரக்கணக்கான சிங்களக் கிராமத்துப் பெடியள். வெளியில் சமாதானம், உள்ளே இது.

அதே ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையார் நியூயோர்க் போய் பொதுச்சபையில் சமாதான வலயத்தைப் பற்றிப் பேசினார். டிசெம்பர் 16ஆந் திகதி 2832ஆம் இலக்கத் தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஆதரவு 61, எதிர்ப்பு ஒன்றுமில்லை, நடுநிலை 55. பிரித்தானியா, அமெரிக்கா, பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் நடுநிலை. அது என்ன நாள் என்று கவனியுங்கள். டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் சரணடைந்த நாள். பங்களாதேசில் சனம் செத்துக்கொண்டிருந்த அந்த வருடத்தில், இந்தியாவுக்கு மேலால் பறக்கமுடியாத பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்கித்தான் எண்ணெய் அடித்துக்கொண்டு டாக்காவுக்குப் போய்வந்தன. இது என்ர ரியூசன் கொப்பியில் இல்லை.

சரி, இனி அந்தத் தீவு. சோவியத்தின் கணக்கு வேறு. பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஏன் ஒதுங்கி நின்றன?

டியேகோ கார்சியா, சாகோஸ் என்ற தீவுக்கூட்டத்தில் பெரியது. மொரிசியசோடு சேர்ந்திருந்தது. மொரிசியசுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்னரே, 1965 நவம்பரில், பிரித்தானியா அந்தத் தீவுகளைத் தனியே பிரித்தெடுத்து, மொரிசியசுக்கு 30 இலட்சம் பவுண் கொடுத்து, "பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம்" என்று பெயர் வைத்தது. 1966 டிசெம்பரில் அமெரிக்காவுக்குத் தளம் போட 50 வருடம் கொடுத்தது. 2016இல் அது இன்னும் 20 வருடம் நீண்டது. அங்கே வெறும் பாறையும் பறவையும் இருக்கவில்லை. தென்னந்தோட்டங்களில் கொப்பறா காயவைத்துப் பிழைத்த 1,500 முதல் 2,000 வரையான சனம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1971 ஏப்ரில் 16, அதாவது எங்கட ஊரடங்கு வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் கழித்து, அனுமதி இல்லாமல் ஒருவரும் அங்கே இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். சனத்தைக் கப்பலில் ஏற்றி மொரிசியசிலும் சீசெல்சிலும் இறக்கினார்கள். டியேகோ கார்சியாவிலிருந்து கடைசி ஆட்களை ஏற்றியது அந்த ஒக்டோபரில். சிறிமாவோ ஐ.நா.வில் பேசிய அதே மாதம். மற்றத் தீவுகள் 1973க்குள் வெறுமையாகின.

இதில்தான் நான் தடக்குப்பட்டு நின்றேன். 2832ஆம் தீர்மானத்தில் தளங்கள் இருக்கின்றன, அணு ஆயுதங்கள் இருக்கின்றன, வல்லரசுப் போட்டி இருக்கிறது. கப்பலில் ஏற்றப்பட்ட அந்தச் சனம் இல்லை. கடலைப் பற்றிக் கதைத்தார்கள், தீவில் இருந்த ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏனென்றால் அரசாங்கங்கள் சமாதானம் என்று சொல்லும்போது இன்னொரு அரசாங்கத்தைப் பார்த்துத்தான் சொல்லுகின்றன. வீட்டு வளவுக்குள் என்ன நடக்குது என்று ஆளையாள் கேட்பதில்லை. கேட்டால் தன்னுடைய வளவையும் மற்றவன் எட்டிப் பார்ப்பான்.

குரோலியில் இருக்கிற என்ர மச்சான் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. குரோலியில் சாகோஸ் சனம் கனபேர் இருக்கினம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மச்சானோடு வேலை செய்கிற ஒருவரின் தாய் டியேகோ கார்சியாவில் பிறந்தவ. 2022இல் எங்கட ஆட்கள் அங்கே மறிபட்டுக் கிடக்கிற செய்தி வந்தபோது அந்த மனிசன் மச்சானிடம் சொன்னாராம்: "உங்கட ஆட்கள் அங்கேயிருந்து வெளியில வரமுடியாமல் அழுகினம். என்ர அம்மா அங்க போகமுடியாமல் அழுது செத்தவ." மச்சானுக்கு என்ன சொல்லுறதென்று தெரியவில்லையாம். எனக்கும் தெரியவில்லை.

பிறகு வந்த அரசாங்கங்களைக் கெதியாய்ச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஜே.ஆர். ஜெயவர்த்தனா 1951இல் நிதி மந்திரியாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், புத்தரின் போதனையைச் சொல்லி, ஜப்பானிடம் நட்டஈடு கேட்கமாட்டோம் என்று பேசி உலகத்தின் கைதட்டலை வாங்கினவர். அவர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 ஜூலை. 1982இல் போக்லண்ட் தீவுகள் பற்றி பேச்சுவார்த்தை நடத்துங்கள் என்று பொதுச்சபை தீர்மானம் கொண்டுவந்தபோது 90 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த 12இல் பிரித்தானியாவோடு இலங்கையும் ஒன்று, அணிசேராமை எங்கே போனதோ தெரியாது. சமாதான வலயத்துக்காக 1981இல் கொழும்பில் கூட்டுவதாக இருந்த மகாநாடு கூடவேயில்லை. 1987 ஒப்பந்தத்தோடு கைமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையை ஒருவருக்கும் கொடுக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2007 மார்ச்சில், நாங்கள் கப்பல் அரிசிக்குக் கியூவில் நின்ற காலத்தில், அமெரிக்கப் படைகளுக்கு எரிபொருளும் சாமானும் கொடுத்து உதவ கொழும்பு ஒப்பந்தம் போட்டது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகை. நான் சோதினை எழுதிய கொள்கை எந்த அலுமாரிக்குள் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இல்லை, அது அலுமாரிக்குள் இருக்கவில்லை. 2009 மே மாதம் அதை வெளியில் எடுத்தார்கள்.

அந்த நாட்களில் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். சித்தி குடும்பம் வன்னிக்குள். ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்துத் தமிழோசை கேட்போம். இங்கே உங்களில் பலர் அப்போது பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றிருப்பீர்கள். யுத்தம் முடிந்ததாக அறிவித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, மே 27ஆந் திகதி ஜெனிவாவில் மனித உரிமைகள் பேரவையின் விசேட கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. எழுதிக் கொண்டுவந்ததே இலங்கை. நாடுகளின் இறைமை, உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாமை, யுத்தம் முடிந்ததற்கு வரவேற்பு. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து கைதூக்கின. சீனா, ரஷ்யா, கியூபா, தென்னாபிரிக்கா, பங்களாதேஷ் எல்லாம் அந்த 29இல் இருந்தன. 1971இல் பெரிய நாடுகளே வெளியில் நில்லுங்கள் என்று சொன்ன அதே பேச்சுத்தான். இந்தத் தடவை வெளியில் நிறுத்தப்பட்டது போர்க்கப்பல் அல்ல, கேள்வி. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல், கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று எழுதியது. சித்தியும் ஒரு மகளும் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். மற்ற இருவரும் வரவில்லை.

எதிர்த்து வாக்களித்த 12இல் பிரித்தானியா ஒன்று. அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் பாதுகாப்புச் சபையில், பிரித்தானியாவுக்கு நிரந்தரக் கதிரை இருக்கிற அந்தச் சபையில், இலங்கை ஒருநாளும் முறையான நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லை. பக்கத்து அறையில் இருந்து கதைத்தார்கள். மே 13இல் ஒரு பத்திரிகை அறிக்கை விட்டார்கள். அதையும் நான் மறக்கமாட்டேன்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சர்வதேச நீதிமன்றம் 2019 பெப்ரவரியில், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி சரியில்லை, பிரித்தானியா விலகவேண்டும் என்று அபிப்பிராயம் சொன்னது. அந்த மே 22இல் பொதுச்சபை 116க்கு 6 என்று அதையே சொன்னது. பிரித்தானியா அசையவில்லை. பிறகு 2025 மே 22இல் மொரிசியசோடு ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டது. தீவுகள் மொரிசியசுக்கு, டியேகோ கார்சியாத் தளம் மட்டும் 99 வருடத்துக்கு பிரித்தானியாவிடம். (இலங்கை குடியரசானதும் ஒரு மே 22தான், 1972இல். அந்த அரசியலமைப்பில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். 99 என்ற எண்ணையும் எல்லோருக்கும் பிடிக்கும் போலிருக்கிறது.)

வேலி ஏன் என்றால், பிரித்தானியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஒப்பமிட்ட நாடு, ஆனால் அந்தச் சாசனத்தை அந்தத் தீவுக்கு நீட்டவில்லை. கொடி பிரித்தானியாவினது, சாசனம் அங்கே இல்லை. அதனால்தான் பெடியன் பிரித்தானியாவுக்கு வந்தும் வராதவன். மூன்று வருடம் கூடாரத்தில் இருந்தார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள், சிலர் தங்களையே மாய்க்கப் பார்த்தார்கள். கடைசியில் 2024 டிசெம்பரில் அநேகரை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே, அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்து நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

இதே பிரித்தானியாதான் ஜெனிவாவில் இலங்கை பற்றிய தீர்மானங்களை முன்னுக்கு நின்று கொண்டுவந்தது. 2021இல் சாட்சியங்களைச் சேர்த்து வைக்கிற ஏற்பாடு அப்படித்தான் வந்தது. 2025 மார்ச்சில் சவேந்திர சில்வா, கரன்னகொட, ஜகத் ஜயசூரிய, கருணா நால்வருக்கும் தடை போட்டது. இரண்டும் ஒரே அரசாங்கம். பொய்யர்கள் என்று சொல்லிப்போட்டு வீட்டை போகலாம், அது சுகமான வேலை. நான் அப்படி நினைக்கவில்லை. ஜெனிவாவில் சொன்னது உண்மை. அதை அந்தத் தீவிலும் சொல்லு என்று கேட்க ஆளில்லாமல் போனதுதான் குறை.

கேட்டிருக்க வேண்டியவர்களில் நாங்களும் சேர்த்தி. கோபிக்கவேண்டாம், இதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன். ஜெனிவாவுக்காக எங்கட எம்.பி.க்கு இந்தச் சங்கம் எத்தனை கடிதம் எழுதியது? அலெக்சாண்ட்ரா அவெனியூவில் கடை கடையாக ஏறிக் கையெழுத்து வாங்கினோம். 2022, 2023 இரண்டு வருடமும் அந்தத் தீவைப் பற்றி ஒரு கடிதம் எழுதினோமா? செயற்குழுவில் நானும் இருந்தேன். "அவை இந்திய முகாம் ஆக்கள்", "ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போன ஆக்கள்", "இப்ப இதை எடுத்தால் ஜெனிவா வேலை குழம்பும்" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா அடுத்த அறையில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. உள்வீட்டு விவகாரத்தை விடு, வெளியில் பெயர் கெடும் என்று கொழும்பு சொன்னால் எங்களுக்குக் கோபம் வருகிறது. நாங்கள் அன்றைக்குச் சொன்னது என்ன?

அந்தப் பெடியன் போன மாதம் பெரியம்மாவோடு இந்த மண்டபத்துக்கு வந்தான். தீவைப் பற்றி ஒருவரும் கேட்காமல் நாங்கள் சாப்பாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கதைத்தோம். போகும்போது அவனாகவே சொன்னான், வேலிக்கு அங்காலை எங்கு பார்த்தாலும் தென்னையாம். "ஆர் அண்ணை இவ்வளவையும் நட்டது? ஆமிக்காரரோ?" என்று கேட்டான். மூன்று வருடம் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு லீவு கிடைத்தால் அவனைக் குரோலிக்குக் கூட்டிக்கொண்டு போகிறதாக மச்சானோடு கதைத்திருக்கிறேன். அந்த சாகோஸ்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. தாய் சொன்ன தேவாலயம் இன்னும் நிக்குதோ, கிணறு இருக்குதோ என்று அவருக்குக் கேட்கவேணுமாம். பெடியன் தான் கண்ட மட்டுக்கும் சொல்லுவான். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கோ, மச்சானின் வானில் இன்னும் நாலு பேருக்கு இடமிருக்கு.

இன்றைக்கும் இரவு வேலை.